பெருவழியும் மதகும்

ஒரு நாட்டின் வருங்காலத்தை அதன் சாலைகளைக் கொண்டு அளப்பது இந்நாளில் வழக்காயிற்று. 2011ஆம் ஆண்டு கொட்டாவையிலிருந்து காலி வரை இலங்கையின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2020இல் அஃது அம்பாந்தோட்டையைத் தொட்டது. 2022 சனவரியில் மீரிகமைக்கும் குருநாகலுக்கும் இடையே மத்திய நெடுஞ்சாலையின் ஒரு கூறு நிறைவெய்திற்று. அவ்வாண்டிலேயே நாடு பொருள்முடைக்கு ஆட்பட, தடைப்பட்டுக் கிடந்த கடவத்தைப் பகுதிப் பணி 2025இலேதான் மீளத் தொடங்கிற்று. திருகோணமலை மாவட்டத்திலோ அத்தகைய சாலை ஒரு கட்டை தூரமேனும் இல்லை.

குச்சவெளியில் எமக்கு வாய்த்தது நிலாவெளி வழியாகப் புல்மோட்டைக்குச் செல்லும் கடலோர வீதியே. ஒருபால் கடல், மறுபால் களப்பும் உப்பளமும் வயலும், அவற்றுக்கும் அப்பால் யானை உலவும் காடு. அதிவேகச் சாலையைப் பற்றி எழுத இவ்வூர்ப் பண்டிதனுக்கு என்ன உரிமை என்று சிலர் நகைக்கலாம். சாலையைப் பற்றிப் பேசுதற்குரிய காலம் அது வருமுன்னரே. வந்தபின் பேசுவோர் இழப்பீட்டைப் பற்றியே பேசுவர்.

வருங்காலச் சாலை என்றதும் பலர் மனத்தில் எழுவது ஒளிரும் தரையும் மின்சாரம் விளைக்கும் தளமுமே. அவ்விரண்டும் மேலைநாட்டில் செய்து பார்க்கப்பட்டன. பிரான்சின் நோர்மண்டியில் தூரூவ்ர் என்னும் சிற்றூரில், 50 இலட்சம் யூரோ செலவில், 1 கிலோமீற்றர் நீளத்துக்குச் சூரியக் கலங்கள் பதித்த வீதி 2016இல் திறக்கப்பட்டது. உதிர்ந்த சருகும் உழவு இயந்திரங்களின் சுமையும் அதனை நலித்தன. எதிர்பார்த்த மின்சாரம் கிடைக்கவில்லை. 2019க்குள் அது தோல்வியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. நெதர்லாந்தின் ஒஸ் நகருக்கு அருகில், கலைஞர் டான் ரோசகார்டே 2014இல் இரவில் தாமே ஒளிரும் கோடுகளைத் தீட்டுவித்தார். மழை ஈரம் அவ்வொளியை மங்கவைத்தது. அதே கலைஞர் அவ்வாண்டிலேயே வான்கோவின் ஓவியத்தை நினைந்து ஐந்தோவனுக்கு அருகில் அமைத்த மிதிவண்டிப் பாதையோ மக்கள் விரும்பிச் செல்லும் இடமாயிற்று. மெல்லச் செல்வோனுக்கே கலையைக் காணக் கண் உண்டு போலும்!

ஆரவாரமற்ற வேலைகளிலேதான் எனக்கு நம்பிக்கை. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியற் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடேறிய சல்லியின் மேற் படியச் செய்து, அதன்பின் தார் கலக்கும் முறையைக் கண்டார். குப்பையும் குறைந்தது, தாரும் மிச்சமாயிற்று. 2018இல் அவருக்குப் பத்மசிறீ விருது கிடைத்தது. சாலை தேயுங்கால் நுண்துகள் மண்ணிற் கலக்குமோ என்னும் ஐயம் இன்னும் ஆராயப்படுவதையும் சொல்லியாதல் வேண்டும். நடு இந்தியாவில் பெஞ்ச் புலிக்காப்பகத்தை ஊடறுக்கும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலை, விலங்குகள் கீழே கடப்பதற்காகத் தூண்களின்மேல் உயர்த்தப்பட்டது. அக்கடவைகளுள் ஒன்றன் நீளம் 750 மீற்றர். புலிகள் அவ்வழியே செல்வதை ஒளிப்படக் கருவிகள் பதிவு செய்தன. எமது காட்டோரத்தில் சாலை அமைப்போர் யானைக்கு வேலியிடுவதை விடுத்து வழிவிடுவதை எண்ணுதல் நன்று.

யானையினும் பெரிது நீர். தாழ்நிலத்தில் உயர்த்திக் கட்டிய சாலை, பெயரளவிலேதான் சாலை. செயலில் அஃது ஓர் அணைக்கட்டு. மேற்கேயிருந்து கடலை நாடிவரும் வெள்ளம் அதனில் முட்டி, வயலிலும் வீட்டிலும் தேங்கும். தேங்கிய நீர் ஈற்றில் சாலையையே உடைக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவெங்கும் வீதிகளையும் பாலங்களையும் அறுத்தெறிந்து, அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பழைய மழையைக் கணக்கிட்டு அமைத்த மதகுகள் இனிவரும் மழைக்குப் போதா. மதகைத் திறந்துவைக்க எவரும் நாடா வெட்டுவதில்லை. ஆதலால் அதற்குப் பணமும் ஒதுங்குவதில்லை.

கிழக்கில் ஆற்றையும் களப்பையும் கடக்க உதவிய மிதவையையே எம் மக்கள் ‘பாதை’ என்றனர். கிண்ணியாவில் 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை அப்பாதையே பாதை. நீரின்மேற் செல்வதே வழி என்று கண்ட அப்பெயர் எனக்குப் பிடித்தமானது.

இனிக் கலையைப் பற்றி ஒரு சொல். தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு அதியமான் பெருவழிக் கல் 29 காதத் தொலைவை எழுத்தாலும் எண்ணாலும் காட்டுவதோடு, எழுத்தறியாதான் தடவி அறிய இரு பெருங்குழிகளையும் ஒன்பது சிறுகுழிகளையும் கொண்டுள்ளது. அழகும் பயனும் அருளும் ஒரு கல்லில் அமைந்தன. இக்காலப் பெயர்ப்பலகைகளிலோ தமிழ் கால் முறிந்தும் கொம்பிழந்தும் நிற்பதைக் காண்கிறோம். பிழையற்ற ஊர்ப்பெயரை எழுதுவதற்கு எந்த நுட்பவியலும் வேண்டியதில்லை.

வீதியின் வெண்கோட்டுக்கு வெண்மை தருவது டைட்டேனிய ஈரொட்சைட்டு. அதன் மூலப்பொருளான இல்மனைற் எமக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் கரிய மணலாய்க் கிடக்கிறது. அது கனிமமாகவே கப்பலேறுகிறது.

என் மாணாக்கருக்கு இவ்விடுமுறையில் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். குச்சவெளியிலிருந்து புல்மோட்டைவரை வீதியிலுள்ள மதகுகளை எண்ணி, எவ்வெவற்றில் நீர் ஓடுகிறது, எவை தூர்ந்து கிடக்கின்றன என்று எழுதிவர வேண்டும்.