திருத்துவதா, மாற்றுவதா? – மலைப்பாதையில் ஒரு பழைய வண்டி

மலையகத்திலே பழைய மோட்டார் வண்டியொன்று ஏற்றத்தில் இளைக்கத் தொடங்கிவிட்டால் அதற்குத் தீர்ப்பு வழங்க எவரும் தாமதிப்பதில்லை. “என்ஜின் முடிந்துவிட்டது; யப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் என்ஜின் ஒன்றைப் போட்டுவிடு” என்பதே அத்தீர்ப்பு. தலவாக்கலையிலிருந்து வட்டகொடைக்கு ஏறும் பழைய வண்டிக்காரருக்கு இது புதிய சொல்லன்று. இத்தீர்ப்பு பெரும்பாலும் எதனையும் அளந்து பாராமல் வழங்கப்படுவது. பொறியியலைக் காட்டிலும் வணிகத்துக்கே கூடுதலாகக் கடமைப்பட்டது.

மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி அது. 1952 முதல் அதிற் பொருத்தப்பட்ட ‘ஏ’ வரிசை என்ஜின் 2000ஆம் ஆண்டு வரை வெவ்வேறு வண்டிகளுக்காக உற்பத்தியில் இருந்தது. வார்ப்பிரும்பாலான அதன் உருளைகள் தேய்ந்தால் அவற்றைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களை இடலாம். அப்பிஸ்டன்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 எனப் படிப்படியான அளவுகளிற் கிடைத்தன. தேய்மானம் வரும் என்பதைச் செய்தவரே எதிர்பார்த்து அதற்கு இடம் விட்டுவைத்தனர். திருத்தப்படுவதற்கென்றே பிறந்த இயந்திரத்தை முதற் களைப்பிலேயே கழித்துவிடுவது எவ்வகை அறிவு?

இளைப்பு யாவும் தேய்மானமும் அன்று. வட்டகொடை 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஆயிரம் அடி ஏறுந்தோறும் காற்றின் அடர்த்தி குறைவதால் சாதாரண என்ஜினொன்று தன் வலுவில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று வீதத்தை இழக்கும். 948 கன சென்ரிமீற்றர் கொண்ட மைனரின் மொத்த வலுவே 37 பரிவலுதான். அதில் நாலரைப் பரிவலு வட்டகொடையை அடையுமுன்னரே காற்றோடு போய்விடுகிறது. கொழும்பில் ஓடிய வண்டியை வாங்கிவந்து, இங்கு இழுக்கவில்லை என்று குறைகூறுவோர் குற்றஞ்சாட்ட வேண்டியது என்ஜினையன்று, மலையை.

அடுத்தது இதனினும் நுட்பமானது. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. மக்களின் உடல்நலத்துக்கு அது நன்மையே. அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் பழைய என்ஜின்களில் வால்வு அமரும் விளிம்பை வெப்பத் தேய்விலிருந்து காத்துவந்தது அந்த ஈயமே. ஈயம் போனபின், குறிப்பாக நெடிய ஏற்றங்களில் முழுப் பாரத்துடன் ஓடும் வண்டிகளில், அவ்விளிம்பு தேய்ந்து வால்வு உட்புதைகிறது, அமுக்கம் கசிகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது. இதற்கு மருந்து தலைப்பகுதியை மட்டும் கழற்றிக் கடினமான உலோக வளையங்களைப் பதிப்பது. உருளையும் பிஸ்டனும் சுழல்தண்டும் நலமாயிருக்க முழு என்ஜினையும் தூக்கியெறிவது, பல்வலிக்காகத் தலையை அரிவதை ஒக்கும்.

எது கெட்டது என்பதை அறிவது அரை நாள் வேலை. ஒவ்வோர் உருளையின் அமுக்கத்தையும் அளந்து, குறைந்துள்ள உருளையிற் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அமுக்கம் ஏறினால் குற்றம் பிஸ்டன் வளையங்களிலோ உருளைச் சுவரிலோ இருக்கும், ஏறாவிட்டால் வால்வில். அடுத்தடுத்த இரண்டு உருளைகள் மட்டும் தாழ்ந்திருந்தால் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். இந்த அரை நாளைச் செலவிடாமலே இலட்சக்கணக்கில் விலை பேசப்படுகிறது என்பதுதான் வியப்பு.

திருத்தச் செலவு வண்டியின் விலையிற் பாதியைத் தாண்டினால் கைவிடுக என்றொரு விதியும் கூறப்படுவதுண்டு. புதிய வண்டி தாராளமாகக் கிடைக்கும் நாடுகளில் உருவான விதி இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் கதவு திறந்து, அப்போதும் கடும் வரியை விதித்த நாட்டில் இவ்விதிக்கு என்ன பொருள்? வண்டியின் சந்தை விலை ஒரு புறமிருக்க, அது இனி ஆற்றப்போகும் சேவையின் பெறுமதியே கணக்கிடற்பாலது. நள்ளிரவில் லயத்திலிருந்து நோயாளியொருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் ஹயர் காரின் பெறுமதியை எந்த விலைப்பட்டியலிற் காண்பது?

உதிரிப்பாகம் கிடையாது என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். முற்றாக ஒதுக்கத்தக்கதன்று. எனினும் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயர், 1990களில் அவற்றின் பாகங்களைச் செய்விக்கத் தேர்ந்த நாடு இலங்கை என்பதை நம்மவர் மறந்துவிட்டனர். கைத்திறன் இங்கு இருந்தது. அதன்மீது நம்பிக்கைதான் இருக்கவில்லை. 1954 முதல் கனடா வழங்கிய டீசல் புகையிரத இயந்திரங்களை அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திருத்தித் திருத்தி ஓட்டிய நாடும் இதுவே. அவ்வியந்திரங்களைப் பேணிய தொழிலாளரை எவரும் பழமைவாதிகள் என்று ஏசவில்லை.

மாற்று என்ஜின் என்பது என்ஜினோடு முடிவதுமில்லை. கியர்ப்பெட்டி, சுழல்தண்டின் நீளம், ரேடியேட்டர், தாங்கிகள் என ஒவ்வொன்றாக மாறும். பாரமான டீசல் என்ஜினாயின் முன்பகுதி தாழும். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் என்ஜின் இலக்கம் திருத்தப்பட வேண்டும். அதைச் செய்யாத வண்டி விற்கும் நாளில் உரிமையாளரைச் சங்கடத்திற்குள்ளாக்கும்.

உடற்பகுதி வெடித்துப்போன, அல்லது கடைசி அளவுவரை கடையப்பட்ட என்ஜினைத் திருத்துவதற்கில்லை. அங்கு மாற்றுவதே முறை. இயன்றவரை அதே இனத்து என்ஜினால் மாற்றுவது நன்று. வேறு வழியின்றி இருமடங்கு வலுவுள்ள என்ஜினைப் பொருத்துவோர் பிரேக்குகளை முதலில் மாற்றட்டும். மைனரின் நான்கு சக்கரங்களிலும் உள்ளவை 37 பரிவலுவின் வேகத்துக்கென அமைந்த சிறிய டிரம் பிரேக்குகள். வட்டகொடைக்கு ஏறிய வண்டி அதே பாதையால் இறங்கவும் வேண்டும்.