செஞ்சிக்கு வரும் வேட்பாளரிடம் கேளுங்கள்!

சட்டசபைத் தேர்தல் வந்தால் செஞ்சிக் கடைத்தெருவில் இரண்டு பேச்சுத்தான். ஒன்று ரயில். மற்றொன்று தண்ணீர்.

செஞ்சி வழியாகச் செல்ல வேண்டிய திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதைக்கு 2006-07ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்தது. நீளம் சுமார் 70 கிலோ மீட்டர். 2025 வரையில் ரயில் வரவில்லை. மக்கள் கோபப்படுவது நியாயமே. ஆனால் ரயில் டெல்லி சர்க்காரின் பொறுப்பு. மாநில சர்க்கார் செய்யக்கூடியது நிலம் எடுத்துக் கொடுப்பது. சட்டசபை வேட்பாளர் "ரயில் விடுவேன்" என்றால் சிரித்து அனுப்பிவிடலாம்!

தண்ணீர் அப்படி அல்ல. அது சென்னையின் பொறுப்பு.

துரிஞ்சலாற்றில் கீரனூர் அணைக்கட்டிலிருந்து நந்தன் கால்வாய் புறப்படுகிறது. வழியில் பல ஏரிகளை நிரப்பி, கடைசியில் பனமலை ஏரிக்கு வர வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் கால்வாயில் தண்ணீர். ஆகவே, "தென்பெண்ணைத் தண்ணீரை இதில் திருப்புங்கள்" என்று விவசாயிகள் பல தேர்தல்களாகக் கேட்டு வருகிறார்கள். ஏரி நிறைந்தால்தான் கிணறு ஊறும். நெல்லும் மணிலாவும் விளையும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. பெருமைதான். அந்தக் கோட்டையிலும் செட்டிகுளம், சக்கரகுளம் என்று குளங்கள் வெட்டியிருக்கிறார்களே!

தாய்மார்களே, வேட்பாளர் வாசலுக்கு வந்தால் கும்பிடு போடுங்கள். பிறகு, "கால்வாயில் எந்த வருஷம் தண்ணீர் வரும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வருஷத்தைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.