காத்திருத்தலும் காக்க வைத்தலும்

கார்த்திகை மாதத்தில் தென்னேரியின் ஏரிக்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், அப்போது அவ்வூரில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கலங்கல் வழிகிறதா? திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவியது என்பர். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான தொண்டைமான் இளந்திரையனோடு இதனைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிறைத்தால் நவரைப் பட்டத்துக்கு நீர் உண்டு. நிறைக்காவிட்டால் இல்லை.

கிறிஸ்தவர்கள் திருவருகைக் காலம் எனக் கொண்டாடும், கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் இதே நாட்களில்தான் வருகின்றன. ஐரோப்பியருக்கு அது பனியும் இருளும் சூழ்ந்த காலம். நமக்கோ மழையை எதிர்நோக்கும் காலம். இந்தப் பொருத்தம் தற்செயலானதுதான். ஆயினும், காத்திருத்தல் என்பதன் பொருள் என்ன என்று சிந்திக்க இதைவிட நல்ல இடமும் பருவமும் எனக்குத் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் முல்லைத்திணையை விளக்கிக்கொண்டிருந்தேன். உரிப்பொருள் ‘இருத்தல்’ என்று சொன்னதும் ஒரு மாணவி எழுந்து, “தலைவன் போருக்குப் போகிறான். தலைவி சும்மா இருக்கிறாள். சும்மா இருப்பது எப்படி ஐயா ஒழுக்கம் ஆகும்?” என்று கேட்டாள். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவளுக்குத் தர வேண்டிய விடை எனலாம்.

தமிழ் இலக்கணம் இருத்தலையும் இரங்கலையும் வேறு வேறு திணைகளில் வைத்தது. பிரிவு இரண்டுக்கும் பொது. நெய்தல் தலைவி இரங்குகிறாள். முல்லைத் தலைவி ஆற்றியிருக்கிறாள். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஒரு சொல். கார்காலம் தொடங்குமுன் வருவேன் என்று தலைவன் சொல்லிச் சென்ற சொல்லே முல்லையின் அடிப்படை. குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, கொன்றை பூத்ததைக் கண்ணால் கண்ட பின்னும் இது கார் என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். பருவத்தின் சாட்சியைவிட அவன் சொல்லே அவளுக்குப் பெரிது. நம்பிக்கை என்பதற்கு இதைவிடக் கூர்மையான விளக்கத்தைச் சமயநூல்களிலும் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

முல்லைப்பாட்டிலோ காத்திருத்தல் ஓர் ஊரின் செயலாகவே ஆகிவிடுகிறது. முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, நற்சொல் கேட்க ஊர்ப்புறத்தில் நிற்கின்றனர். அவர்கள் காதில் விழுவது அரசனைப் பற்றிய செய்தியன்று. தாய்ப்பசுவைக் காணாமல் துன்புறும் கன்றுக்கு ஆயர்மகள் ஒருத்தி சொல்லும் ஆறுதல்தான். எளிய கன்றுக்குச் சொன்ன சொல்லை அரசிக்கான நற்சொல்லாக அவர்கள் கொண்டுவருகின்றனர்.

‘காத்திருத்தல்’ என்னும் நம் சொல்லையே பிரித்துப் பாருங்கள். காத்து, இருத்தல். காப்பதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒன்றையும் காக்காமல் இருப்பது வெறும் இருத்தல்.

விவிலியமும் இதையே வேறு வகையில் சொல்கிறது. மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியரின் உவமையில் பத்துப்பேரும் காத்திருந்தனர். பத்துப்பேரும் உறங்கியும் போயினர். விளக்குக்கு எண்ணெய் வைத்திருந்தார்களா என்பது ஒன்றே அவர்களைப் பிரித்தது. எபிரேய மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் ‘திக்வா’ என்னும் சொல்லுக்குக் கயிறு என்றும் பொருள் உண்டு. யோசுவாவின் நூலில் எரிகோ நகரத்து ராகாப் தன் பலகணியில் கட்டிய சிவப்புக் கயிற்றைக் குறிக்கும் சொல் இதுவே. பட்டுத்தறியின் ஓசைக்கு நடுவே வாழும் காஞ்சிபுர வட்டாரத்தாருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. பாவு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்போதே ஊடை இழை அதனுள் ஓடும். சேலையின் முந்தானை இன்னும் நெய்யப்படவில்லை. ஆனால் நெசவாளர் ஒவ்வோர் இழையையும் அதை நோக்கியே அடிக்கிறார்.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றிலும் இத்தகைய இருத்தலுக்குச் சான்று உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். தேனிய ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கால் நான்கு மாதம் சிறையில் இருந்தார். 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715க்குள் அது அச்சாகியது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் நூல் வரை வந்திருந்தபோது, 1719இல், 36 வயதில் மறைந்தார். எஞ்சியதை 1728இல் முடித்தவர் சூல்ட்சே. 1740இல் இந்தியா வந்த ஃபாப்ரிசியுஸ் அம்மொழிபெயர்ப்பை மீண்டும் எடுத்துத் திருத்துவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். தொடங்கியவர் முடிவைக் காணவில்லை. முடித்தவரோ அதை முடிவெனக் கருதப்படாததாகவே விட்டுச்சென்றார். நோக்கமுள்ள காத்திருத்தல் என்று நான் கருதுவது இதைத்தான்.

இதுவரை சொன்னவற்றைப் பெரும்பாலோர் ஏற்பர். இனிச் சொல்லப்போவதை ஏற்பது கடினமாக இருக்கலாம்.

பொறுமையைப் போதிப்பவர் யார், யாருக்குப் போதிக்கிறார் என்ற கேள்வியை நம் திருச்சபைகள் போதிய அளவு கேட்டுக்கொள்ளவில்லை. யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் உழவனை அது முன்மாதிரியாகக் காட்டுகிறது. பொறுமை பற்றிய பிரசங்கங்களில் இவ்வசனம் தவறாமல் வரும். அதற்கு மூன்று வசனங்கள் முன்னால், அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்ட செல்வர்களுக்கு எதிராக அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்று அதே ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஏழாம் வசனத்தை வாசித்து நான்காம் வசனத்தை விட்டுவிட்டால், பொறுமை என்பது கூலி கொடுக்காதவனுக்கு வசதியான அறமாகிவிடும்.

காத்திருத்தல் வேறு, காக்க வைக்கப்படுதல் வேறு. 1950 ஆகஸ்ட் 10 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. 2004இல் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. இரண்டாண்டில் அறிக்கை தர வேண்டிய அதற்கு 2024இல் மேலும் ஓராண்டு தரப்பட்டது. அரசு மட்டும்தான் காக்க வைத்தது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு பகுதி ஒதுக்கியவர்கள் தமிழகக் கிறிஸ்தவர்களிடையே உண்டு. அவர்களே பீடத்திலிருந்து பொறுமையைப் போதிக்கையில், அச்சொல் தன் பொருளை இழக்கிறது.

இதற்கு மாறான வழியும் இம்மண்ணிலேயே உண்டு. தென்னேரியை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய மறைப்பணியாளர்கள், நிலமற்ற பறையர்களின் நிலையை அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றனர். ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதன்மேல் 1892இல் பிறந்த ஆணையும் பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்ட நிலங்களுக்கு வழிவகுத்தன. மறுமையைப் போதிக்க வந்தவர்கள் இம்மையின் காணிக்காக மனு எழுதினர். அந்நிலங்களிற் பல பின்னர் கைமாறிப்போயின. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர். அவர்களும் நூறாண்டுக்கு முன் தரப்பட்ட ஒரு சொல்லை நம்பிக் காத்திருந்தவர்களின் வழிவந்தவர்களே. அவர்கள் பொறுமையற்றவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

அந்த மாணவிக்கு இன்று இவ்வாறு விடை சொல்வேன். முல்லைத் தலைவி சும்மா இருக்கவில்லை, அம்மா. கொடுக்கப்பட்ட ஒரு சொல்லை அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். சொன்னவன் அதை மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள். நாள் வந்ததும் அதை நினைவூட்டுவாள். காத்திருத்தல் ஒழுக்கம் ஆவது அதனால்தான். சொல்லே தராமல் ஒருவரை வாயிலில் நிறுத்திவைப்பதற்கு எந்தத் திணையிலும் இடமில்லை.

தென்னேரிக்கு மழை கார்காலத்தில்தான் வரும். ஆனால் கரையை உயர்த்துவதும் மதகைச் செப்பனிடுவதும் வரத்துக்காலைத் தூர்வாருவதும் கோடையில், ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கும்போது செய்ய வேண்டியவை. அப்போது மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கியவனே மழைக்குக் காத்திருந்தவன்.