ஞாயிற்றுக்கிழமை வெளியே நிற்கிறவர்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையை விட்டு உள்ளே இறங்கி, கிறித்தவக் குடும்பங்கள் இருக்கிற எந்தச் சேரிக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே காட்சிதான். கோயிலுக்குள் பெண்கள், கிழவிகள், பிள்ளைகள். முக்காடு போட்ட தலைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஆண்கள் பக்கம் பாய் காலியாகக் கிடக்கும். நாலு கிழவர், கோயில் பிள்ளை, ஆர்மோனியம் வாசிக்கிற வாத்தியார், அவ்வளவுதான். மற்ற ஆம்பளைகள் எங்கே? டீக்கடையில், மாட்டுக்கறி கூறு போடுகிற இடத்தில், கொடிமரத்துத் திண்ணையில். கோயில் ஸ்பீக்கரில் வருகிற பிரசங்கம் அங்கேயும் கேட்கும். கேட்டுக்கொண்டேதான் பேப்பர் படிப்பான். ஆனால் உள்ளே வரமாட்டான்.

இதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். சாமியார்களும் ஐயர்மாரும் சொல்வது: குடி. (லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் நம் சனம் கூப்பிடுகிறது. அந்தப் பெயர் வந்த கதையைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.) ஆண்கள் கெட்டுப் போய்விட்டார்கள், சினிமா, கட்சி, பிராந்திக் கடை என்று பீடத்திலிருந்து திட்டுகிறார்கள். யாரைத் திட்டுகிறார்களோ அவன் வெளியே இருக்கிறான். திட்டு வாங்குவது அவன் பெண்டாட்டி. நம் தோழர்கள் சொல்வது வேறு. மதமே அபின், ஆண்கள் தெளிந்துவிட்டார்கள், பெண்களும் சீக்கிரம் தெளிந்துவிடுவார்கள் என்கிறார்கள்.

இரண்டையும் நான் ஏற்கவில்லை. குடிக்கிறவன் கோயிலுக்கு வரமாட்டான் என்று யார் சொன்னது? தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கிறவர்களின் வாயை ஊதச் சொல்லிப் பாருங்கள். தெளிந்துவிட்டான் என்பதும் பொய். வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறான். அம்பேத்கர் படமும் இயேசு படமும் ஒரே சுவரில் ஒரே ஆணி வரிசையில் தொங்குகின்றன. நம்பிக்கை போகவில்லை தோழர்களே, கோயிலுக்குள் காலை வைக்கத்தான் தயங்குகிறான்.

ஏன் என்று ஒருவரைக் கேட்டேன். நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலை; மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். "உள்ள போனா பேரு எழுதுவாங்கண்ணே. எழுதின பேரு என்னைக்காவது ஒரு நாளு தாசில்தார் ஆபீசுக்குப் போவும். எம் பொண்ணு சர்ட்டிபிகேட்டு போயிடும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இதைவிடத் தெளிவாக எந்தச் சமூகவியல் அறிஞரும் எனக்கு விளக்கியதில்லை.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பெயரில் வந்த ஆணையின் 3ஆம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பவுத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவனுக்கும் முஸ்லிமுக்கும் மட்டும் கதவு சாத்தியே கிடக்கிறது. சென்னையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். சூசை வழக்கு என்று சொல்வார்கள். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். கொடுமைக்கு ரசீது வைத்திருக்க வேண்டும்போலிருக்கிறது! 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த 3ஆம் பத்தியை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இரண்டு வருடம் என்றார்கள். 2024இல் காலம் நீட்டித்தார்கள்.

தமிழ்நாட்டில் தலித் கிறித்தவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறான். 18 சதவீதத்தில் அவனுக்கு இடமில்லை. மத்திய அரசு வேலையில் பட்டியல் சாதி இடமில்லை. ஊர்க்காரன் சாதிப் பெயர் சொல்லி அடித்தாலும் 1989 வன்கொடுமைச் சட்டம் அவனுக்குப் பேசாது. சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதி தனித் தொகுதி. காட்டுமன்னார்கோயில், திட்டக்குடி சட்டமன்றத் தொகுதிகளும் தனி. இருபது வருடம் கொடி பிடித்தவனாக இருந்தாலும் தாளில் கிறித்தவன் என்றால் அங்கே நிற்க முடியாது. ஓட்டு மட்டும் போடலாம். ஊர்க்காரன் கண்ணுக்கு அவன் பறையன். சர்க்கார் கண்ணுக்கு மட்டும் பறையன் இல்லை.

இது காகிதத்துப் பயமல்ல. பக்கத்துப் புதுச்சேரியில் ஒரு பெண் பட்டியல் சாதி இடத்தில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டார். 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சிறு வயதில் ஞானஸ்நானம் பெற்றதும், தவறாமல் சர்ச்சுக்குப் போவதும் அவருக்கு எதிரான சான்றுகளாக ஆயின. வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் இன்னொரு கதை. இந்து தலித் பெண் மருத்துவர். கிறித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். அதிகாரிகள் அவர் மருத்துவமனைக்குப் போய் சுவரில் சிலுவை தொங்குவதைப் பார்த்தார்கள். 2013இல் சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதிகாரிகளின் குறுகிய புத்தி என்று கண்டித்துச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. நடுவில் எட்டு வருடம் போய்விட்டது. அவர் மருத்துவர், வழக்கு நடத்தினார். நெய்வேலி காண்ட்ராக்ட் கூலி நடத்துவானா?

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போடுவதே சாட்சியமாகிவிடுகிற நாட்டில், அப்பன் வெளியே நிற்கிறான். சான்றிதழ் அப்பன் வழியில்தான் ஓடுகிறது என்று நம் சனம் நம்புகிறது. அதனால் அம்மா உள்ளே போகலாம், அப்பன் போகக்கூடாது. வீட்டில் அந்தோணி, ரேஷன் கார்டில் அன்பழகன். கல்யாணத்தைக் கோயிலில் எழுதாமல் சார்பதிவாளர் ஆபீசில் எழுதுகிறான். இதைத்தான் 'இரட்டை வேடம்' என்று பீடத்திலிருந்து சொல்கிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் 'இந்துன்னு எழுதினேன் சாமி' என்று சொல்லி அழுதவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை எழுத வைத்தவன் டெல்லியில் இருக்கிறான். அவனுக்கு யார் அபராதம் போடுவது?

சட்டத்தின் தலையில் மட்டும் போட்டுவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. நாளைக்கே 3ஆம் பத்தியை எடுத்துவிட்டால் எல்லா ஆண்களும் உள்ளே வந்துவிடுவார்களா? உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?

புதுச்சேரியில் 1745இல் கோயிலுக்குள்ளேயே சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர், மறுபக்கம் பறையர். நம்மவர்கள் போய்க் கேட்டார்கள், பாதிரியார் சுவரை இடித்தார். உடனே சாதிக் கிறித்தவர்கள் நாற்காலிகளைப் போட்டு அந்த இடத்தை மறுபடியும் பிரித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. எழுதியவர் நமக்கு வேண்டியவர் அல்ல, அதனாலேயே நம்பலாம். கடலூர்ப் பக்கத்துக்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி, லைப்சிக் மிஷன் சாதிக்கு இடம் கொடுக்கிறது என்று சண்டை போட்டுப் பிரிந்து வந்தவர். 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் சபைக்கு வேர் அதுதான். சாதிக்காரனோடு சேர்ந்து சாப்பிடுவதா வேண்டாமா என்ற சண்டையில் பிறந்த சபை! அந்த வரலாற்றை எத்தனை பேர் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அப்புறம் எறையூர். பழைய தென்னாற்காடு, புதுவை-கடலூர் மறைமாவட்டம். கோயிலில் தனி இடம், தனிக் கல்லறை, சாவு போகிற வழியிலும் தகராறு. தலித்துகள் தனிப் பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறித்தவர்கள் சேரியைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் தரப்பில் இருவர் செத்தார்கள். ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்! பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது மிகைப்படுத்தி எழுதிவிட்டார் என்று முணுமுணுத்தவர்கள் எறையூருக்குப் பிறகு என்ன சொன்னார்கள்? 2022இல் இதே மறைமாவட்டத்துக்குப் புதிய பேராயரை அறிவித்தபோது, ஏன் ஒரு தலித் இல்லை என்று தலித் கிறித்தவ இயக்கங்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. அதே வருடம் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். சந்தோஷம். ஆனால் ரோமாபுரி சிவப்புத் தொப்பி எறையூர்த் தெருவைத் திறந்துவிடாது.

'எங்க சபையில எல்லாரும் நம்ம ஆளுங்கதானே' என்பார்கள் சிலர். அங்கே வேறு சுவர். சபைப் பள்ளியில் வேலை வாங்கிய நாலு குடும்பம், கமிட்டித் தேர்தல், அதன்மேல் கோர்ட்டு கேசு. கூலிக்காரனுக்கு அங்கே என்ன வேலை? திருவிழாவுக்குப் பந்தக்கால் நட, சந்தா கட்டு. ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) வாழ்நாளெல்லாம் வெளியே நின்றவர் செத்துப்போனார். பிணத்தை வாசலில் வைத்துக்கொண்டு பதினோரு வருடச் சந்தா பாக்கியைக் கணக்குப் பார்த்தார்கள். பாக்கியைக் கட்டியது அவர் பெண்டாட்டி, குழுவில் கடன் வாங்கி.

பெண்களுக்கு மட்டும் அவமானம் இல்லையா, அவர்கள் ஏன் போகிறார்கள்? இதை நம் தோழர்கள் கேட்பதே இல்லை. ஒரு அக்கா சொன்னார்: "எனக்கு ரெண்டு மணி நேரம் உக்கார வேற எடம் எங்கடா இருக்குது?" வீடு அவன் வீடு, கழனி ஆண்டை கழனி, டீக்கடைத் திண்ணை ஆம்பளை திண்ணை. கோயிலில் அவர் அழலாம், பாடலாம், சாட்சி சொல்லலாம். மைக்கைப் பிடித்து நாலு பேர் முன்னால் அவர் பேசுகிற ஒரே இடம் அது. இயக்கக் கூட்டத்தை ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டுப் பெண்கள் வரவில்லை என்கிறோம். ஆண்கள் கோயிலில் தேடிக் கிடைக்காத மரியாதையை இயக்கத்தில் கண்டார்கள். பெண்களுக்கு இயக்கம் அதை இன்னும் கொடுக்கவில்லை.

ஆணுக்கு இங்கே வெளியில் வழி இருந்தது. சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சகஜானந்தர் மிஷன் பள்ளியில் படித்தும் மதம் மாறாதவர். காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் 1969இல் தீண்டாமை பற்றிய அறிக்கையை நாடாளுமன்றத்துக்கே கொடுத்தவர். இந்த மண்ணில் தலை நிமிர்ந்த ஆண்களின் கதை கோயிலுக்கு வெளியேதான் நடந்தது. உள்ளே முயன்றவர்களும் உண்டு. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம் பரட்டை, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுக் கட்டினார். 2005இல் போய்விட்டார். நம் பக்கத்துக் கோயில்களில் இன்னும் கீபோர்டுதான். பறையடிக்கத் தெரிந்தவன் சாவுக்கு மட்டும் வேண்டும்.

ஆயர்களையும் ஐயர்மாரையும் கேட்கிறேன். ஆகஸ்ட் 10 அன்று கருப்புத் துணி கட்டினால் போதாது. சான்றிதழுக்காக வெளியே நிற்கிறவனைப் பாவி என்று பீடத்தில் பேசுவதை நிறுத்துங்கள். சந்தா பாக்கிக்காகப் பிணத்தை நிறுத்தமாட்டோம் என்று எழுதி ஒட்டுங்கள். அண்ணாமலைநகர் விடுதியில் பெயரை மறைத்துக்கொண்டு படிக்கிற மாணவத் தோழனை 'ரெண்டு பேருக்காரன்' என்று கிண்டல் செய்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த இதழுக்குள் ஒவ்வொரு கிளையும் ஒரு வேலை செய்யவேண்டும். உங்கள் தெருவில் எத்தனை ஆண்கள் வெளியே நிற்கிறார்கள், எத்தனை பேர் சான்றிதழுக்காக, எத்தனை பேர் உள்ளே பட்ட அவமானத்துக்காக என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். பெண்கள் ஏன் உள்ளே போகிறார்கள் என்பதைப் பெண்களையே எழுதச் சொல்லுங்கள். ஆள் பெயர் வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம், தாலுகா போதும்.