பெரிய பெட்டியில் என்ன பெருமை?

உடுப்பிட்டி உறவுகளே, ரிக்கெற்றைப் பார்க்காமல் சூட்கேஸ் வாங்குறதை நிப்பாட்டுங்கோ. ஆகப் பெரிய பெட்டிதான் மரியாதையாம்! வெறும் பெட்டியே 5 கிலோ வரும். 20 கிலோ ரிக்கெற்றில் கால்வாசி அதோடை போச்சு. இடம் இருந்தால் கையும் சும்மா இராது, நிரப்பும். நிறை கூடினால் விமான நிலையத் தரையில் வெளியே வருவது அம்மா இடிச்சுத் தந்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும்தான், பெட்டி இல்லை.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றர். பல விமான நிறுவனங்களின் எல்லை அதுதான். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பல இடங்களில் ஏற்றவே மாட்டார்கள். தூக்குகிறவருக்கும் முதுகெலும்பு இருக்கு.

பலாலியால சென்னை போனாலும், கட்டுநாயக்காவால கனடா போனாலும், முதலில் ரிக்கெற்றில் உள்ள கிலோவைப் பாருங்கோ. பிறகு கடைக்குப் போங்கோ. 20 கிலோவுக்கு நடுத்தரப் பெட்டி தாராளமாய்க் காணும்.