மொட்டை மாடிக் கதவோட சாவி யார்கிட்ட இருக்கு?



2024 ஜூன் 12, அதிகாலை. குவைத் நாட்டின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. இந்தியர்கள் மட்டும் 45 பேர் செத்துப்போனார்கள். அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு உடல்கள் வந்து இறங்கியதை டிவியில் பார்த்தோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வளைகுடாவுக்கு ஆள் போகாத ஊர் ஏது? அன்னைக்குக் காலையில எத்தனை வீட்ல போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்திருப்பாங்க!

விசாரணையில் வெளிவந்ததைக் கவனிங்க. தீ ஆரம்பித்தது தரைத்தளத்தில், மின்கசிவால். அறைகளைத் தடுக்க வைத்திருந்தது எளிதில் எரியும் பொருள். மாடிப்படி வழியாகப் புகை மேலே ஏறியது. தப்பிக்க மொட்டை மாடிக்கு ஓடியவர்களுக்குக் கதவு பூட்டியிருந்தது. பெரும்பாலானவர்கள் தீயில் கருகிச் சாகவில்லை, புகையில் மூச்சுமுட்டித்தான் செத்தார்கள்.

இதை ஏன் பாடாலூரில் பேசணும்? "இங்க எங்கங்க அடுக்குமாடி இருக்கு, அதெல்லாம் சென்னைக்காரன் பிரச்சினை"ன்னு சிலர் சொல்வாங்க. திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரைத் தாண்டும்போது சாலையின் இரண்டு பக்கமும் நிமிர்ந்து பாருங்க. நாரணமங்கலம் பக்கம் டயர் தொழிற்சாலை வந்தது, எறையூரில் சிப்காட் வந்தது, கூடவே வாடகைக்கு ஆள் வந்தது. கீழே கடை, மேலே இரண்டு மூன்று மாடி வீடுகள், ரூம்கள். இந்த மாதிரிக் கட்டடங்களில் ஏற இறங்க ஒரே ஒரு படிக்கட்டுதான். அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதான் இபி மீட்டர் பெட்டி. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு பைக், இப்போ புதுசா சார்ஜ் போட்ட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். ராத்திரி ஆனால் கீழே கிரில் கேட்டுக்குப் பூட்டு. திருட்டு பயத்தில் மொட்டை மாடிக்கும் பூட்டு. சாவி உரிமையாளர் வீட்டில். உரிமையாளர் திருச்சியில்!

மங்காஃப் கட்டடத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மாடி எண்ணிக்கை மட்டும்தான்.

படிக்கட்டு என்பது மேலே திறப்பு இல்லாவிட்டால் புகைபோக்கி. கீழே எரியும்போது சூடான புகை மேலே போக அதுதான் சுலபமான வழி. ஆட்கள் இறங்க வேண்டிய வழியும் அதுவே. தீ வருவதற்கு முன்னால் புகை வந்துவிடும். 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ கீழே பிடித்தது, லிஃப்டுக்குள் மாட்டியவர்கள் மயங்கிக் கிடந்தார்கள், 6 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் சமையல் கொட்டகையில் கிளம்பிய தீ, ஓலைக் கூரை, ஒடுங்கிய படிக்கட்டு, 94 பிஞ்சுகள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் ஓலைக் கூரை இறங்கியது. வாடகை வீட்டுக்கு அந்தக் கணக்கு இன்னும் வரவில்லை.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டர் உயரம் வந்தாலே அது உயர்மாடிக் கட்டடம் என்கிறது. நம் மாநிலத்தின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளோ 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடி என்கின்றன. நடுவில் இருக்கும் 3.30 மீட்டர் என்பது முழுசா ஒரு மாடி. கடுமையான தீத்தடுப்பு நிபந்தனைகள் எல்லாம் உயர்மாடி என்ற தலைப்பின் கீழேதான் வருகின்றன. தேசியத் தொகுப்பு ஒரு பரிந்துரைதான், மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது சட்டம். நம்ம அரசு அந்த அளவை ஏன் ஏற்கவில்லை?

அதைவிடப் பெரிய ஓட்டை கீழே இருக்கு. 14 மீட்டர் உயரத்துக்குள், 8 வீடுகள் வரை, 750 சதுர மீட்டருக்குள் கட்டும் குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்று வேண்டாம் என்று 2024இல் விலக்கு கொடுத்தார்கள். மின் இணைப்புக்கு மக்கள் அலைந்தது உண்மை, அந்த அலைச்சல் குறைந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டி முடித்த கட்டடத்தை ஒரு அதிகாரி நேரில் வந்து பார்க்கும் கடைசி வாய்ப்பும் அதோடு போய்விட்டதே! பிளானில் காட்டிய படிக்கட்டு அகலம் கட்டடத்தில் இருக்கிறதா என்று இனி யார் பார்ப்பது?

ஊராட்சி பார்க்கும் என்பீர்களா? அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்குத் தீயணைப்புப் பணி இருக்கிறது. ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையில் 29 பொருள்கள், அதில் தீயணைப்பு என்ற சொல்லே இல்லை. பாடாலூர் ஊராட்சி. நகரம் மாதிரி வளரும், கிராமம் மாதிரி நிர்வாகம் நடக்கும். அதிலும் நம் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் செய்தார்கள்.

ஒரு எதிர்வாதம் நியாயமானது. "விதி போட்டா அதுக்கு ஒரு ரேட்டும் சேர்ந்து வரும், சான்றிதழ் காசுக்குக் கிடைக்கும்." நமக்கும் தெரியும். கடன் வாங்கி ரெண்டு மாடி கட்டிய சின்ன உரிமையாளரை வதைக்க நாம் கேட்கவில்லை. கேட்பது செலவில்லாத விஷயங்கள். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு வேண்டாம், உள்பக்கம் தாழ்ப்பாள் போதும். கிரில் கேட்டின் சாவி ஒன்று ஒவ்வொரு குடும்பத்திடமும் இருக்கட்டும். மீட்டர் பெட்டி இருக்கும் இடத்தில் வண்டியும் சிலிண்டரும் நிற்கக் கூடாது. படிக்கட்டின் உச்சியில் புகை வெளியேற ஒரு திறப்பு. புதுக் கட்டடம் என்றால் மீட்டரைப் படிக்கட்டுக்கு வெளியே வைக்கச் சொல்லி விதியிலேயே எழுது. தீயணைப்புத் துறை என்றைக்கு வந்து பார்த்தது, என்ன சொன்னது என்பதை வாசலில் பலகையாக மாட்டச் சொல். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த சான்று என்றால் தெருவில் போகிறவன் பார்த்துச் சொல்வான்.

இன்னொன்றும் சொல்லணும், கசப்பா இருந்தாலும். குவைத்தில் நம்ம பையனை ஒரு அறையில் அடைத்தான் என்று கொதித்தோம். வட மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி நம்ம ஊர் மாடியில் பிளைவுட் தடுப்புக்குள் படுத்திருந்தால், அவனும் எங்கோ ஒரு வீட்டில் போனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மாவின் பிள்ளைதான். அவனுக்கு இங்கே ஓட்டு இல்லை. அதனால் அவனுக்காகக் கேட்க வேண்டியது நாம்தான்.

திங்கட்கிழமை பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். பாடாலூர் தோழர்கள் அதற்குள் அவரவர் தெருவில் வாடகைக் கட்டடங்களைப் பார்த்து வாங்க. படிக்கட்டு எத்தனை, மீட்டர் எங்கே, மாடிக் கதவு பூட்டியிருக்கா, எத்தனை பேர் குடியிருக்காங்க. இந்த நாலையும் ஒரு தாளில் எழுதுங்க. குடியிருப்பவர் பெயரோ, உரிமையாளர் பெயரோ வேண்டாம், அவர்களை மாட்டிவிடுவது நம் நோக்கம் இல்லை. கிளைச் செயலாளரிடம் கொடுங்க, மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.

#தீப்பாதுகாப்பு #பாடாலூர் #பெரம்பலூர்