வெயிலூர் வீடுகளுக்கு ஒரு தெர்மல் கேமரா

தெர்மல் கேமராவில் வீட்டைப் படம் பிடிப்பதற்கு முன்னால் வீட்டை எப்படித் தயார் செய்வது என்று இணையத்தில் தேடிப் பாருங்கள், பக்கம் பக்கமாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் விடியற்காலையில் எடுக்க வேண்டும், முதல் நாள் இரவே ஹீட்டரை ஓடவிட வேண்டும், உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரியாவது வித்தியாசம் இருக்க வேண்டும்... எல்லாம் சரி, கலவையில் ஹீட்டருக்கு எங்கே போவது? :-)

வேலூரை வெயிலூர் என்று கிண்டல் செய்யும் பகுதி நம்முடையது. 2019-ல் மாவட்டம் பிரிந்து நாம் ராணிப்பேட்டைக்காரர்கள் ஆகிவிட்டோம், வெயில் மட்டும் பிரியவில்லை. குளிர் நாடுகளில் காசு கொடுத்து உண்டாக்கிய சூடு வெளியே ஓடிவிடுகிறதே என்பது கவலை. இங்கே யாரும் கூப்பிடாத சூடு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அவர்கள் பட்டியலை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

முதலில் அந்தக் கேமரா என்ன செய்கிறது? 2020-ல் கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே ஒரு துப்பாக்கி, அதற்கு இது அண்ணன். அது ஒரு புள்ளியின் சூட்டைச் சொல்லும். இது ஆயிரக்கணக்கான புள்ளிகளின் சூட்டைக் கலர் படமாகக் காட்டும். சுவருக்குள் ஊடுருவிப் பார்க்கும் என்று நினைக்காதீர்கள். மேல்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை மட்டும்தான் அது பார்க்கிறது.

இனி நம் ஊர்த் தயாரிப்பு.

1. நேரம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். எனவே தளம் போட்ட வீட்டுக்கு மாலை 5 மணிக்கு மேல் கூரையின் அடிப்பக்கத்தை எடுக்க வேண்டும். சிமெண்ட் ஷீட் மெல்லிசு, அதற்கு உச்சி வெயில் நேரம்.

2. அன்று மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சாயங்காலம் மாடியை நனைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நனைத்துவிட்டால் நிஜமான சூடு படத்தில் வராது. மழை பெய்த மறுநாளும் வேண்டாம்.

3. வெளிச்சுவரை ஒட்டிய கட்டில், பீரோ எல்லாவற்றையும் முதல் நாளே ஓரிரு அடி தள்ளி வையுங்கள். காலண்டர், சாமி படங்களையும் கழற்றிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் நகர்த்தினால் பீரோவின் நிழல்தான் படத்தில் விழும்.

4. படம் எடுப்பதற்குச் சற்று முன் மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசி அறை என்றால் கதவு ஜன்னலைச் சாத்தி மூன்று நான்கு மணி நேரமாவது ஏசியை ஓடவிடுங்கள். கதவின் அடி, ஜன்னல் சந்து, ஏசி பைப் போகும் ஓட்டை என்று காற்று புகும் இடமெல்லாம் அப்போதுதான் தெரியும்.

5. எவர்சில்வர், கண்ணாடி, பளபள டைல்ஸ் எல்லாம் கேமராவை ஏமாற்றும். எதிரே நிற்பவரின் உடம்புச் சூட்டையே திருப்பிக் காட்டும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

6. வீடு கட்டிய வருடம், மேலே தட்டோடு பதித்திருக்கிறதா என்ற விவரம், ஒரு வருட கரண்ட் பில். இவற்றை எழுதி வையுங்கள்.

தயாரிப்பு அவ்வளவுதான். இனி என் கருத்து. எல்லா வீட்டுக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. தட்டோடும் இல்லாத வெறும் தளம், அல்லது சிமெண்ட் ஷீட் என்றால் படம் எடுக்காமலேயே குற்றவாளி யார் என்று தெரியும். அந்தக் காசில் மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துவிடலாம். தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவ வேண்டும், சில வருடங்களில் மறுபடி அடிக்க வேண்டும். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

காமர்ஸ் மாணவன் என்பதால் கணக்கு இல்லாமல் விடமாட்டேன். ஏசி மணிக்குச் சராசரி 1 யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். இரவுக்கு 8 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-லிருந்து 200 வரையான யூனிட்டுக்கும் விலை ஏறியது. கூரையைக் கவனிக்காமல் ஏசி வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி.

ஆனால் ஏசி வாங்க முடியாதவர்கள்தான் இங்கே அதிகம். காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறி, மாலையில் திரும்பி வந்து ஷீட் போட்ட வாடகை வீட்டில் படுக்கிறவர்கள். கூரை வீட்டுக்காரருடையது, புழுக்கமும் கரண்ட் பில்லும் குடியிருப்பவருடையது. செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் யார் பெயிண்ட் டப்பாவைத் திறப்பார்கள்? இதைச் சந்தை தானாகச் சரி செய்யாது, அரசுதான் நடுவில் வர வேண்டும்.

அரசு என்ன செய்திருக்கிறது? மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்காக 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதியைக் கொண்டு வந்தது. கூரை எவ்வளவு சூட்டை உள்ளே விடலாம் என்பதற்கு அதில் அளவு உண்டு. ஆனால் அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு என்று எழுதப்பட்டது. அதாவது 12 சென்டுக்கு மேல். நம் ஊரில் 12 சென்ட்டில் வீடு கட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக் கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல விஷயம், ஆனால் அதில் நிவாரணம் வெயிலில் உயிர் போன பிறகு. அதே 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் 8 லட்சம் வீடுகள். குடிசைக்குப் பதில் கான்கிரீட் தளம். மழைக்கும் தீக்கும் பயமில்லை, சந்தோஷம். ஆனால் ஓலைக்கூரை வெயிலைத் தடுத்த அளவுக்கு வெறும் தளம் தடுக்காது. வீடு கட்டித் தரும்போதே மேலே வெள்ளைப் பூச்சையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

என் யோசனை சின்னதுதான். பேரூராட்சிக்கு ஒரு தெர்மல் கேமரா வாங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அக்கம்பக்கத்து பாலிடெக்னிக் மாணவர்களிடம் கொடுத்து, தெருவுக்குப் பத்து வீடு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே தெருவில் பூச்சு அடித்த வீட்டுக் கூரையையும் அடிக்காத கூரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேரூராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். "சுண்ணாம்பு அடிச்சா என்னப்பா பெருசா குறையப் போகுது" என்று கேட்கிற வீட்டுக்காரரிடம், குடியிருப்பவர் கையில் காட்ட ஒரு படமாவது இருக்கும்.